போனில் சொன்ன இத்தாலி

அந்த யோசனை எனக்கு வந்தது பழைய பேப்பர் கடையில், தராசுக்கு முன்னால்.

காலடிப்பேட்டை மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் இருந்தது அந்தக் கடை. அம்மா மூன்று மாதத்துப் பேப்பரைத் தட்டில் வைத்துவிட்டு முள்ளை முறைத்துக்கொண்டிருந்தாள். நான் மூலையில் கொட்டிக் கிடந்த புத்தகங்களைக் கிளறினேன். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் பக்கத்திலிருந்து வந்த மூட்டை. எல்லாவற்றிலும் குப்பை எரிந்த புகை வாடை. அதில் செங்கல் கனத்தில் ஒரு இங்கிலீஷ் புத்தகம். முன்னட்டை இல்லை. பிரித்த இடத்தில் ஒரு வரைபடம். முழங்கால்வரை பூட்ஸ் போட்ட கால் மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது ஒரு தேசம். அந்த முழங்காலுக்குப் பின்பக்கம், கடலோரத்தில், மூன்று வாரமாக நான் மனதுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டிருந்த ஒரு பெயர்: ராவென்னா.

அப்பாவின் கப்பல் நின்றுபோயிருந்த ஊர்.

“அண்ணாச்சி, இந்த புக்கு எவ்ளோ?”

“அது இங்கிலீசுல்லா இருக்கு. உனக்கு என்னத்துக்கு?” என்றார் கடைக்காரர். தெற்கத்திக்காரர், எதையும் சந்தேகத்தோடுதான் எடை போடுவார்.

“இதுல எங்கப்பா கீறாரு.”

அவர் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “எடுத்துட்டுப் போ தாயி,” என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். அப்பா மூன்று வாரமாக அந்த ஊரில் நிற்கிறார். அது என்ன ஊர், யார் கட்டியது, யார் ஆண்டது எதுவும் அவருக்குத் தெரியாது. இதைப் படித்துப் படித்து அவருக்குப் போனில் சொன்னால் என்ன? ஆதியிலிருந்து இன்றுவரை, ஒன்றுவிடாமல், முழு இத்தாலியும்.

ஆறாம் வகுப்பில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்களே, எதைப் பேச ஆரம்பித்தாலும் நான் அந்த வருடம் ரோமாபுரியில் கொண்டுபோய் முடிப்பேன் என்று இன்றும் குரூப்பில் கேலி செய்கிறீர்கள். சரிதான். ஆனால் ஏன் என்று உங்களில் ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. நமக்கெல்லாம் இருபத்துமூன்று, இருபத்துநான்கு ஆகிறது. பழைய கதை பேசுகிற வயதில்லைதான். ஆனாலும் அந்த ஒரு மழைக்காலத்தை மட்டும் எழுதி இறக்கிவைக்க வேண்டும்.

அப்பா சரக்குக் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்கிற ஆயிலர். அந்த முறை அவர் ஏறிய கப்பலின் முதலாளி எந்த நாட்டுக்காரர் என்றுகூட அவருக்குச் சரியாகத் தெரியாது. கப்பல் ராவென்னாவுக்குள் நுழைந்து சரக்கை இறக்கியதும் அந்த ஆள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். டீசலுக்கும் துறைமுகக் கட்டணத்துக்கும் யாரும் பதில் சொல்லவில்லை. நீதிமன்றம் கப்பலைப் பிடித்து நிறுத்தியது. சம்பளம் நின்றது. சிலர் கடன் வாங்கி டிக்கெட் எடுத்து ஊருக்குப் போனார்கள். காவலுக்கு இருந்தே ஆக வேண்டிய ஆறு பேர் மிச்சம். அவர்களில் அப்பா ஒருவர்.

வாரத்தில் மூன்று நாள், அங்கே நண்பகலில், கப்பல் கட்டியிருந்த இடத்துக்கு ஒரு வேன் வரும். மாலுமிகளுக்கு உதவுகிற ஏதோ ஒரு சங்கத்தின் வேன். ஓட்டி வருவது ஒரு இத்தாலிக்காரப் பெண்மணி. அப்பா அவரை “வேன் அக்கா” என்பார். ரொட்டி, சூப், கம்பளிக் காலுறை கொண்டுவருவார். வேனுக்குள் நெட் கிடைக்கும். ஆளுக்குப் பத்து நிமிடம். ஒரு மணிக்கு வேன் கிளம்பிவிடும். அங்கே பன்னிரண்டு என்றால் நமக்கு மாலை நாலரை. நான் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவருவதற்கும் போன் அடிப்பதற்கும் சரியாக இருக்கும். நீங்கள் கேட்டுக்கு வெளியே மாங்காய்க் கீற்றுக்கு நின்றபோதெல்லாம் நான் நிற்காமல் ஓடியது அதற்காகத்தான்.

வேன் அக்கா முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்: கோர்ட்டு பேப்பர் வந்ததும் இறங்கி ஊருக்குப் போங்கள், டிக்கெட்டுக்கு நாங்கள் ஏற்பாடு செய்கிறோம், உங்கள் சம்பள உரிமை கப்பலோடு ஒட்டிக்கொண்டே இருக்கும், ஆள் இல்லாவிட்டாலும் போகாது.

இதை நம்பாதவர் ஒருவர் இருந்தார். என் மாமா, அம்மாவின் அண்ணன். காசிமேட்டில் விசைப்படகு டிரைவர்.

மாமாவுக்குத் தெரிந்தது காசிமேட்டுக் கட்டு, அந்தத் துறைமுகத்தின் எழுதாத சட்டம். நடுக்கடலில் எஞ்சின் செத்த படகை விட்டு எல்லோரும் வேறு படகுக்குத் தாவிவிட்டால், அது அனாதைப் படகு. எவன் கயிறு போட்டு இழுத்துவருகிறானோ அவன் கேட்டதைக் கொடுத்துத்தான் மீட்க வேண்டும். தாவிப்போனவர்களுக்குப் பங்கு கிடையாது. ஒருவன் படகில் நின்றாலும் போதும், எல்லோருடைய பங்கும் நிற்கும். மாமாவே ஒருமுறை மூன்று நாள் தனியாக நின்றிருக்கிறார். துறைமுகத்தில் அவருக்கு இருந்த மரியாதை பாதி அந்த மூன்று நாளால் வந்தது.

அவர் ஒரு நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்து, அம்மா கையிலிருந்த போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

“மாப்ள, அந்தப் பொம்பள சொல்றான்னு எறங்கிடாத. எல்லாம் எறங்கிட்டா ஓடிப்புட்டானுங்கன்னு எயுதிடுவானுங்க. ஒருத்தனாவது நிக்கணும். இன்னா?”

“சரி மச்சான்.”

“சரின்னா பத்தாது. ஏசி ரூம்ல குந்திகினு போற கப்பல்காரன் பாதியில எறங்கிட்டான்னு எவனும் என்ன கேக்கக் கூடாது. வாக்கு குடு.”

மாமாவுக்கு முன்னால் அவர் எப்போதுமே கொஞ்சம் குறுகிப்போவார். “ஆளில்லாம வுட மாட்டேன் மச்சான். வாக்கு,” என்றார்.

மாமா போனை என்னிடம் கொடுத்து, என் கன்னத்தைக் கிள்ளினார். அவர் விரலில் டீசல் வாடை.

நான் சொன்ன முதல் கதை ஓநாய். ஓநாய்ப் பாலைக் குடித்து வளர்ந்த இரட்டைப் பையன்களில் ஒருவன் ரோமாபுரியைக் கட்டினான் என்று புத்தகத்தின் மூன்றாவது பக்கத்தில் இருந்தது.

“நாய் வளத்த பசங்க ஊரு கட்டினானுங்களா?” என்றார் அப்பா. “அப்ப நம்ம ஹார்பர் கேட்டாண்ட கீற நாய்ங்க இந்நேரம் நாலு ஊரு கட்டிருக்கணுமே.”

“அப்பா! நாய் இல்ல, ஓநாய்!”

“சரி சரி. அப்பால?”

லைன் வெட்டி வெட்டி வரும். நீளமான பெயர்கள் பாதியில் அறுந்துவிடும். அதனால் யாருக்கும் பெயரே வேண்டாம் என்று இருவரும் ஒப்பந்தம் செய்துகொண்டோம். வேலையை வைத்து, குணத்தை வைத்துக் கூப்பிடுவோம். யானைகளை மலைமேல் நடத்திக் கூட்டிவந்த எதிரி ‘யானைக்காரர்’. வாத்துகள் கத்தியதால் பிழைத்த காவல்காரர்கள் ‘வாத்துப் பார்ட்டி’. நம் கரைக்கு மிளகு வாங்க வந்தவர்கள் ‘மிளகு வியாபாரிகள்’.

“மிளகுக்குத் தங்கமா குடுத்தாங்கப்பா.”

“அவன்லாம் ஒயுங்கா குடுத்துக்கிறான் பாரு,” என்றார் அப்பா. வேனுக்குள் வேறு யாரோ சிரிப்பது கேட்டது. அப்பா அங்கே மற்றவர்களுக்கும் உடைந்த இங்கிலீஷில் கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஒருநாள் அவர் சொன்னார்: “கண்ணு, நீ இன்னிக்கு வரைக்கும் வந்து சேரு. நீ வந்து சேர்ற அன்னிக்கு நானும் வந்து சேர்றேன். பந்தயம்.”

சும்மா சொன்னதுதான். ஆனால் எனக்குப் பதினொரு வயது. அன்று இரவே பக்கங்களைக் கணக்குப் போட்டேன். இந்த வேகத்தில் போனால் ஜூன் ஆகிவிடும். மறுநாளிலிருந்து அரசர்களை மூன்று மூன்றாகத் தாண்டினேன். “அந்தாளு பையன், அவன் பையன், மூணு பேரும் சரியில்லப்பா, செத்துட்டாங்க,” என்று ஒரு நூற்றாண்டை ஒரே மூச்சில் முடித்தேன். “இன்னாமா ஜல்தி? ரயில் புடிக்கப் போறியா?” என்பார் அப்பா.

தாண்ட முடியாமல் நின்றது ஒரு கதை. ரோமாபுரித் தளபதி ஒருவர் எதிரிகளிடம் சிக்கிக்கொள்கிறார். ‘உன் ஊருக்குப் போய் எங்களுக்காகச் சமாதானம் பேசு. பேச்சு நடக்காவிட்டால் திரும்பி வந்துவிட வேண்டும்’ என்று வாக்கு வாங்கிக்கொண்டு அனுப்புகிறார்கள். அவர் ஊருக்குப் போகிறார். சமாதானம் வேண்டாம், சண்டை போடுங்கள் என்றே தன் ஆட்களிடம் சொல்கிறார். மனைவி அழுகிறாள், ஊரே மறிக்கிறது. கொடுத்த வாக்கு வாக்குதான் என்று சாவதற்குத் திரும்பிப் போகிறார்.

லைன் போய்விட்டதோ என்று “அப்பா? அப்பா?” என்றேன்.

“கீறேன். மெய்யாலுமே போனாரா?”

“போனாரு. கொன்னுட்டாங்க.”

“இன்னா மனுசன்யா,” என்றார்.

அடுத்த வாரம் அதே கதையை மறுபடி கேட்டார். அதற்கடுத்த வாரமும். “அந்த வாக்குத் தளபதிய இன்னொரு தபா சொல்லு.” நான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மசாலா சேர்த்தேன். உங்களுக்கு நினைவிருக்கும், இறைவணக்கக் கூட்டத்தில் நான் அந்தக் கதையைச் சொல்லி எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கினேன். நீங்களெல்லாம் கைதட்டினீர்கள். தலைமையாசிரியை என் முதுகைத் தட்டி, “இதுதான் ஒழுக்கம்,” என்றார்.

டிசம்பர் நடுவில் மழை கொஞ்சம் விட்டது. அன்று போனில் அப்பாவின் குரல் மெலிதாக இருந்தது.

“அம்மா பக்கத்துல கீதா?”

“தண்ணி புடிக்கப் போயிருக்கு.”

“கேளு. கோர்ட்டுல பேப்பர் வந்துருச்சி. அஞ்சு பேரு போலாம். கப்பல்ல காவலுக்கு ஒருத்தன் நிக்கணும். துறைமுகத்துக்காரங்களே ஒரு வாட்ச்மேன் போட்டுக்கறோம், நீங்க ஆறு பேரும் போங்கன்னாங்க. நான்தான் வேணாம், நானே நிக்கிறேன்னுட்டேன்.”

எனக்குப் புரியவில்லை. “ஏம்ப்பா?”

“வாக்கு குடுத்துட்டேனே கண்ணு. உன் தளபதி மாரி.” சிரித்தார். “மத்த அஞ்சும் சின்னப் பசங்க. போவட்டும். ஆனா அம்மாக்குச் சொல்லாத. அவங்க வுட மாட்டேங்கறாங்கன்னு நான் சொல்லிக்கிறேன். நீ கம்முனு இரு. இன்னா?”

நான் கம்மென்று இருந்தேன்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் நன்றாக எடுக்கும். அங்கே நின்று பார்த்தால் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அசையாமல் நிற்பது தெரியும். அன்றைக்கு அந்த வரிசையைப் பார்த்தபடி நின்றேன். பரிசு டம்ளரில் அதன்பிறகு நான் தண்ணீர் குடித்ததே இல்லை.

அம்மா நம்பிவிட்டாள். குழாயடியில் நின்று, “இத்தாலிக்காரன் என் வூட்டுக்காரர சிறையில வச்சிருக்கான்,” என்றாள். எதிர்வீட்டு அத்தை அந்த நாட்டையே சபித்தார். வாரம் மூன்று நாள் சூப் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்த வேன் அக்காவுக்கும் சேர்த்து அந்தச் சாபம் விழுந்தது. எனக்கு வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

அங்கே பனி இறங்கியது. கப்பலில் டீசல் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றுவிட்டது. “இரும்புப் பொட்டிக்குள்ள ஐஸ் வச்ச மாரி கீது,” என்றார் அப்பா. போர்வை மூன்று, அதற்கு மேல் படுதா. பகலிலும் வெளியே ஒன்றும் தெரியாதாம், வெள்ளையாக மூடிக்கொள்ளுமாம். வேன் வருவதை ஹாரன் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வாராம். பேச்சுக்கு நடுவில் இருமினார். முதலில் ஒன்று இரண்டு. பிறகு நான் ஒரு வரி சொன்னால் அவர் ஒரு வரி இருமினார்.

நான் ராவென்னாவுக்கு வந்துசேர்ந்திருந்தேன். ரோமாபுரிக்கு ஆபத்து என்று ராசா ஒருவர் தலைநகரத்தையே அங்கே மாற்றுகிறார். சுற்றிலும் சேற்று நிலம், எதிரி எளிதில் வர முடியாது. “நம்ம எண்ணூர் கழிமுகம் மாரியாப்பா?” “அத்தே மாரிதான். நாத்தம் மட்டும் கம்மி.” பிறகு கடல் மெல்ல மெல்லப் பின்வாங்கி, ஊர் கரையிலிருந்து தூரமாகிப்போனது. அப்பாவின் கப்பல் நின்றது நீண்ட கால்வாய் ஒன்றின் ஓரத்தில். அது ஏன் என்று அன்றுதான் அவருக்குப் புரிந்தது. ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

அதற்கடுத்த கதை அந்த ஊரிலேயே முடிந்த கடைசி ராசா. சின்னப் பையன். அவனுடைய அப்பாதான் அவனைச் சிம்மாசனத்தில் ஏற்றியது. ஒரு படைத்தலைவன் வந்து அப்பாவைக் கொல்கிறான்; இந்த வரியை மட்டும் போனில் தாண்டிவிட்டேன். பையனைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, உயிரோடு ஒரு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறான். நான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்புறம் அந்தப் பையன் கடலோரம் ஒரு வூட்டுல நல்லா இருந்தான்,” என்று முடித்தேன்.

“அவங்கப்பா?”

“அவரும்தான்.”

அது ஒன்றுதான் நான் அவரிடம் வேண்டுமென்றே சொன்ன பொய்.

கொள்ளைநோய்க் காலத்தில் வெனிஸ்காரர்கள் வெளியூர்க் கப்பல்களை நாற்பது நாள் தள்ளி நிறுத்திவைத்ததைச் சொன்னபோது, “நாப்பதுதானா? எனக்கு எழுவது தாண்டிருச்சே,” என்றார். சிரிக்க முயன்றார். இருமல் நிற்கவேயில்லை. வேன் அக்காவின் குரல் பக்கத்தில் உரக்கக் கேட்டது. மொழி தெரியாவிட்டாலும் திட்டுகிறார் என்று தெரிந்தது.

பொங்கலுக்கு முந்தைய வாரம், திங்கட்கிழமை போன் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. அம்மா அடுப்பில் எதையும் வைக்காமல் போனையே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் இரண்டு நாளும் புத்தகத்தைப் புரட்டினேன். வாக்குத் தளபதியை வெல்ல ஒரு ஆள் வேண்டும். போனது தப்பில்லை, ஓடினது தப்பில்லை என்று சொல்கிற ஒரு ஆள். இரண்டாயிரம் வருடத்தில் ஒருவராவது இருக்க மாட்டாரா?

கிடைத்தார். சிவப்புச் சட்டைக்காரர்.

வெள்ளிக்கிழமை நாலு முப்பத்தைந்துக்குப் போன் அடித்தது. மாடிக்கு ஓடினேன்.

“கண்ணு.” அப்பாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. “ஜொரம். எய்ந்து வர முடியல ரெண்டு நாளா. இன்னிக்கு அக்கா மேல ஏறி வந்து கூட்டியாந்துச்சி.”

“அப்பா, பேசாத. நான் சொல்றேன், கேளு,” என்றேன். மூச்சுவிடாமல் சொன்னேன். சிவப்புச் சட்டைக்காரர் ரோமாபுரியில் சண்டை போட்டுத் தோற்றுவிட்டார். எதிரிகள் துரத்துகிறார்கள். கூடவே வயிற்றுப் பிள்ளையோடு மனைவி, அந்த அம்மாவுக்குக் காய்ச்சல். ஓடி ஓடி எங்கே வருகிறார்கள் தெரியுமா? ராவென்னாவுக்குத்தான். நீ நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், அதே சேற்று நிலத்தில், ஒரு குடியானவர் வீட்டில் அந்த அம்மா செத்துப்போகிறார். சிவப்புச் சட்டைக்காரருக்கு நின்று புதைக்கக்கூட நேரமில்லை. மறுபடி ஓடுகிறார். “ஓடினாருப்பா. நிக்கல. ஓடினதாலதான் உயிரோட இருந்தாரு. பத்து வருசம் கழிச்சித் திரும்பி வந்து, துண்டு துண்டா கெடந்த நாட்ட ஒண்ணாக்க அவருதான் சண்ட போட்டாரு. ஓடலன்னா அந்த நாடே கெடையாதுப்பா.”

அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

“நல்லா கீது கதை,” என்றார். “ஆனா அவரு யாருக்கும் வாக்கு குடுக்கலயே கண்ணு.”

“அப்பா, எறங்கிடுப்பா. நீயாத்தானே நிக்கற. நீயா நின்னது போதும்ப்பா.”

பின்னால் படியில் ஏதோ விழுந்தது. திரும்பினேன். காயப்போடக் கொண்டுவந்த துணிகளோடு அம்மா நின்றிருந்தாள். வாளி உருண்டுகொண்டிருந்தது.

அம்மா போனை வாங்கினாள். “இன்னாய்யா சொல்லுது இது? நீயா நிக்கிறியா?”

அந்தப் பக்கம் இருமல் மட்டும்.

“யாருக்கு வாக்கு குடுத்த?” என்றாள். பிறகு அவளே, “ஓ,” என்றாள். போனை முகத்துக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, எனக்கு இன்றும் காதில் ஒலிக்கிற நிதானத்தோடு சொன்னாள்: “அந்த வேன் போற வரைக்கும் நீ அதுல இருந்து எறங்காத. நான் உன் மச்சான் வாயாலயே சொல்ல வைக்கிறேன்.”

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே இறங்கினாள், வாசலைக்கூடப் பூட்டவில்லை.

மணி நாலு ஐம்பது. வேன் கிளம்ப நாற்பது நிமிடம். ஷேர் ஆட்டோ நெடுஞ்சாலையில் ஏறியதும் நின்றது. முன்னால் டிரெய்லர், பின்னால் டிரெய்லர். டிரைவர் இறங்கி பீடி பற்றவைத்தார்.

“அண்ணே, சந்து வழியா வுடுண்ணே,” என்றாள் அம்மா.

“சந்துல மட்டும் ஏரோப்ளேனா ஓடுது? குந்துமா.”

“என் வூட்டுக்காரர் உசுரு கீதுண்ணே இதுல.”

அவர் பீடியைக் கீழே போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார். எந்தச் சந்து, எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாது. ஒரு கோயில் பந்தல் காலை உரசினோம். ஒரு கோழி பறந்தது. நான் அம்மாவின் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து ஐந்து. ஐந்து பதினொன்று. தவறிப்போய் விரல் பட்டு இணைப்பு அறுந்துவிடுமோ என்று மூச்சையே மெதுவாக விட்டேன்.

காசிமேட்டில் அந்நேரத்துக்கு ஏலம் இல்லை. ஐஸ் உடைக்கிற சத்தமும் வலை பின்னுகிறவர்களின் பேச்சும்தான். மாமா படகில் எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் அவருடைய ஆட்கள் நாலைந்து பேர்.

அம்மா கரையிலிருந்தே கத்தினாள். “அண்ணாத்தே! நீ வாங்கின வாக்கத் திருப்பிக் குடு!”

எல்லோரும் திரும்பினார்கள். மாமா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “இன்னாடி, ஊர கூட்டிகினு?”

“அவரு தனியா நிக்கறாரு. மூணு வாரத்துக்கு மேல ஆச்சி. யாரும் புடிச்சி வைக்கல. உனக்குக் குடுத்த வாக்குக்கு நிக்கறாரு. ஜொரத்துல பேச முடியல.”

மாமாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆனால் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “நான் மட்டும் மூணு நாள் நிக்கல?” என்றார்.

“நீ வெயில்ல நின்ன,” என்றாள் அம்மா. “மூணு நாள்தான் நின்ன. நாலாவது நாள் உன்ன தேடிகினு படகு வந்துச்சி. அவர தேடிகினு எந்தப் படகு போவும்? நீ அனுப்புவியா?”

வலை பின்னிக்கொண்டிருந்த வயதானவர் ஒருவர், தலையை நிமிர்த்தாமலே, “துண்டு கட்டிட்டு எறங்கலாம்ல?” என்றார்.

மாமா அவரைப் பார்த்தார். எனக்கு அது என்னவென்று தெரியாது, அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஆளின் உயிருக்கு ஆபத்து என்றால், கடைசி ஆள் தன் மேல்துண்டைப் படகின் முனையில், அணியத்தில், முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு இறங்கலாம். துண்டு இருக்கிறவரை அது ஆளிருக்கிற படகு. வேறு யாரும் கயிறு போட மாட்டார்கள்.

ஐந்து இருபத்தேழு. மாமா கரைக்குத் தாவி, போனை வாங்கினார்.

“மாப்ள.”

“மச்சான்…”

“பேசாத. உன்னாண்ட துண்டு எதுனா கீதா?”

“…கீது.”

“அணியத்துல கட்டு. ரெண்டு முடிச்சி போடு. கட்டிட்டு எறங்கு. உன் வாக்கு துண்டுல நிக்கும். நான் சொல்றேன், இங்க அஞ்சு பேரு சாட்சி. எறங்கு மாப்ள.” போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “எறங்கித் தொலைடா.”

அப்பா போனை வேன் இருக்கையிலேயே வைத்துவிட்டுத் துண்டு கட்டக் கப்பலுக்கு ஏறிப்போனார். எங்களுக்குக் கேட்டதெல்லாம் வேன் எஞ்சின் ஓடுகிற சத்தம். வேன் அக்கா யாரையோ கூப்பிடுகிற சத்தம். பிறகு நீண்ட நேரம் காற்று. ஐந்தரை ஆனது. ஐந்து முப்பத்தெட்டு ஆனது. வேன் கிளம்பவில்லை. அம்மா உப்புத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வலைக்காரர்கள் எழுந்து எங்களைச் சுற்றி நின்றார்கள்.

ஐந்து நாற்பத்தாறுக்கு ஒரு கதவு சாத்தப்பட்டது.

“கட்டிட்டேன்,” என்றார் அப்பா. “எறங்கிட்டேன்.”

இரண்டு நுரையீரலிலும் சளி கட்டியிருந்தது. அங்கே ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் படுத்திருந்துவிட்டு மாசி மாதம் வந்துசேர்ந்தார். கடலுக்கு மறுபடி போகவில்லை. இப்போது மாதவரம் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் பார்க்கிறார். மாடிப்படி ஏறினால் பாதியில் மூச்சு வாங்க நிற்கிறார். கப்பல் வெகுநாள் கழித்து ஏலம் போனது. ஆறு பேருக்கும், இறங்கிப்போன நாளைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லாமல், சம்பளம் வந்தது. வேன் அக்கா முதல் வாரத்தில் சொன்னது முழுக்க முழுக்க உண்மை. கோர்ட்டு பிடித்து நிறுத்திய கப்பலுக்குக் காசிமேட்டுக் கட்டு செல்லாது. நின்றதும் வீண், துண்டும் வீண். மாமாவிடம் இதை யாரும் சொன்னதில்லை. அவர் இன்றும், “துண்டுதான் காப்பாத்துச்சி,” என்கிறார். அப்பா, “ஆமா மச்சான்,” என்கிறார். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறாள்.

பெரியவர்கள் செய்த தப்பு அது என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த வாக்கு ஒரு மாதத்தில் தானாக ஆறிப்போயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை வாரம் தவறாமல் கிளறிச் சூடாக்கியவள் நான். மசாலா வேறு சேர்த்தேன்.

அந்தப் புத்தகம் வீடு மாற்றியபோது காணாமல்போனது. நான் மீதியை நூலகங்களில் படித்தேன். வரலாறே படித்துப் பட்டமும் வாங்கினேன். போன வருடத்திலிருந்து பிள்ளைகளுக்காக இத்தாலியின் வரலாற்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ராசாக்கள் வந்துவிட்டார்கள், வெனிஸ்காரர்கள் வந்துவிட்டார்கள், போர்கள் முடிந்துவிட்டன, பெண்களும் சேர்ந்து வாக்களித்து ராசாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. நம் காலத்து இத்தாலி. அதில் கால்வாய் ஓரம் இருட்டிக் கிடந்த ஒரு கப்பலும், அதற்குள் ஒரு ஆளும், ஒவ்வொரு முறையும் சூப்போடு வந்த ஒரு பெண்மணியும் வர வேண்டும். அந்த நாட்களில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான்தான் பேசிக்கொண்டேயிருந்தேனே. அவரைப் பேசவிட்டேனா?

நாளை ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்கு விடுமுறை. போனை ரெக்கார்டில் போட்டுவிட்டு எதிரே உட்காரப்போகிறேன். கேள்விகளை எழுதியாகிவிட்டது. தூக்கம் எப்படி வந்தது, என்ன சாப்பிட்டாய், பனிக்குள் என்ன சத்தம் கேட்கும், வேன் அக்கா என்ன சொல்லித் திட்டினார் என்று பதினாறு கேள்விகள். பதினேழாவதை மூன்று முறை அடித்துவிட்டு மூன்று முறை எழுதியிருக்கிறேன்: அந்தத் தளபதியை நான் சொல்லாமலிருந்தால் நீ இறங்கியிருப்பாயா?

அதை எப்படியாவது கேட்டுவிடுவேன். கேட்டபிறகு, அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை, வாயைத் திறக்காமலிருக்க முயற்சி செய்வேன்.